வீட்டுக்காரர்களாகப் போன சபை

மருத்துவமனைத் தெருவில் முடிதிருத்தகம் வைத்திருந்த அந்தப் பெண்ணுக்குப் பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. ஊருக்கு அவள் கத்திரி அக்கா. அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கையில் கத்திரி ஓடும்போது வாயும் கூடவே ஓடும். நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கும்போது தலைப்பாரம் குறைந்ததோ இல்லையோ, மனப்பாரம் குறைந்திருக்கும்.

அவள் கணவர் மருத்துவமனை ஆம்புலன்ஸ் ஓட்டுநர். அதிகம் பேசாத மனிதர். "எங்க வீட்ல பேச்செல்லாம் அவ கணக்கு, சைரன் மட்டும் என் கணக்கு" என்பார்.

தெருமுனையில், மருத்துவமனை வாசலுக்கு நேர் எதிரே, அவர்களுடைய ஆங்கிலிக்கன் கிறிஸ்தவக் கோயில் இருந்தது. சின்னக் கற்கட்டடம், தகரக் கூரை, பக்கத்தில் ஒரு கூடம். கத்திரி அக்காவின் அண்ணன் தச்சர். சபைக் காரியங்களை முன்னின்று பார்க்கும் மூப்பரும் அவரே. கோயிலின் பெஞ்சுகள் அத்தனையும் அவர் கையால் இழைத்தவை. ஞாயிறு காலையில் யாராவது பெஞ்சில் காலைத் தூக்கி வைத்தால் போதும், பாட்டின் நடுவிலேயே அவர் பார்வை போய் அந்தக் காலில் நிற்கும். கால் தானாக இறங்கிவிடும்.

கடற்கரை, மலைச்சரிவு, சுரங்க நகரம் என்று அந்தப் பகுதி முழுவதும் சிதறிக் கிடந்த ஆங்கிலிக்கன் சபைகள் எல்லாம் சேர்ந்தது ஒரு திருமண்டலம். அதற்குத் தலைமை பேராயர். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு சபையிலிருந்தும் குருவானவரும் சபையார் ஒருவரும் கூடி உட்கார்ந்து பொதுக்காரியங்களை முடிவு செய்வார்கள். அதற்குப் பெருமன்றம் என்று பெயர். பெயர்தான் பெரிது, போகச் சொன்னால் ஆளாளுக்குக் கழன்றுகொள்வார்கள். வழக்கமாகத் தச்சர்தான் போவார். அந்த வருஷம் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

"ரெண்டு நாள் அந்த இரும்பு நாற்காலியில உக்காந்தா என்னைத் தூக்கிட்டுத்தான் வரணும். நீ போயிட்டு வா" என்றார் தங்கையிடம்.

"எனக்கு அங்க என்ன தெரியும்ணே?"

"தெரிய என்ன இருக்கு? நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை செய்யுறவ, ரெண்டு நாள் சும்மா உக்காந்துட்டு வா."

அப்படித்தான் அவள் போனாள்.

பெருமன்றம் ஒரு பள்ளிக்கூட அரங்கில் நடந்தது. பேராயர் புதியவர், முன்பு கணக்கு டீச்சராக இருந்த அம்மா. ஆள் குள்ளம். மேடையிலிருந்த மேஜைக்குப் பின்னால் நின்றால் முகம் மட்டும்தான் தெரியும் என்பதால் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

அந்த ஆண்டின் பெரிய வேலை, திருமண்டலம் முழுவதற்கும் பொதுவான நோக்கம் ஒன்றைச் சொல்லில் வைப்பது. நாம் எதற்காக இங்கே இருக்கிறோம் என்று ஒவ்வொரு சபையும் ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார் பேராயர். அவற்றை வாசித்துக் காட்டினார். சில வரிகள் கல்யாணப் பத்திரிகை மாதிரி நீளமாக இருந்தன. ஒரு மலைச்சபை, "எங்கள் கூரை ஒழுகாமல் இருக்க வேண்டும்" என்று மட்டும் எழுதியிருந்தது. அரங்கமே சிரித்தது. பேராயர் சிரிக்கவில்லை.

"ஒழுகுற கூரைக்கு அடியில உக்காந்து ஜெபம் பண்றவங்களுக்கு இது சிரிப்பு இல்ல. இவங்க கூரை ஒழுகுதுன்னு பக்கத்துச் சபைக்கே தெரியல. இதுதான் நம்ம நோய்" என்றார்.

அதன் பிறகு பேச்சு சூடு பிடித்தது. தேநீருக்கு முன்னும் பின்னும் பேசி, அடித்துத் திருத்தி, கடைசியில் ஒரே வரிக்கு வந்தார்கள்: 'இந்தப் பகுதியில் எவரும் தனியாக விடப்படக் கூடாது.' எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். கத்திரி அக்காவுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. கை தூக்கினாள்.

"அம்மா, 'கூடாது'ன்னு போட்டா, யாரோ பாத்துப்பாங்கன்னு நாம வீட்டுக்குப் போயிடுவோம். 'விடமாட்டோம்'னு போடுங்களேன். அப்பத்தான் அது நம்ம தலையில விழும்."

 சுரங்க நகரத்துக் குருவானவர் ஒருவர் "அதான், அதான்!" என்று மேஜையைத் தட்டினார். 'இந்தப் பகுதியில் எவரையும் தனியாக விடமாட்டோம்.' அந்த வரி ஒருமனதாக ஏற்கப்பட்டது. கத்திரி அக்காவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. வாழ்நாளில் அவள் எத்தனையோ தலைகளைத் திருத்தியிருக்கிறாள். ஒரு திருமண்டலத்தின் வார்த்தையைத் திருத்தியது அதுதான் முதல் தடவை.

அதோடு நின்றிருந்தால் வம்பில்லை.

மறுநாள் அந்த வரியை எப்படி நடைமுறைக்குக் கொண்டுவருவது என்று பேசினார்கள். குருமார்கள் குறைவு, சபைகள் அதிகம். அருகருகே இருக்கும் சபைகள் கூட்டாகச் சேர்ந்து, ஒரே இடத்தில் ஆராதனை செய்து, மிஞ்சும் கட்டடத்தை ஊருக்கு உதவும்படி கொடுக்கலாம் என்பது யோசனை. கத்திரி அக்காவின் சபையும், பெரிய துறைமுகச் சபையும், மேட்டுத் தெருச் சபையும் ஒரு கூட்டு. மூன்றுக்கும் ஏற்கெனவே ஒரே குருவானவர்தான். ஞாயிறு காலை ஸ்கூட்டரில் மூன்று இடத்துக்கும் பறப்பார். மூன்றாவது கோயிலுக்குப் போவதற்குள் எந்தக் கதையை எங்கே சொன்னோம் என்று அவருக்கே மறந்துவிடும். குருவானவரை ஐயர் என்பது சபை வழக்கம், அதனால் இவருக்கு ஸ்கூட்டர் ஐயர் என்று பெயர்.

"உங்க கூட்டுல எந்தக் கட்டடத்தைக் கொடுக்கலாம்?" என்று பேராயர் கேட்டார். துறைமுகச் சபையின் மூப்பர், ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன், கூரையைப் பார்த்தார். மேட்டுத் தெருக்காரர் செருப்பைப் பார்த்தார். ஸ்கூட்டர் ஐயர் இருவரையும் பார்த்தார்.

கத்திரி அக்காவின் கண்ணுக்குள் அவள் கடை வாசல் வந்தது. மருத்துவமனையில் நோயாளியைச் சேர்த்துவிட்டு, வெளியூரிலிருந்து வந்த உறவுக்காரர்கள் நடைபாதையில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துக் கிடப்பார்கள். "முகம் கழுவிக்கலாமா அக்கா?" என்று தயங்கிக்கொண்டே கேட்பார்கள். பிரசவத்துக்கு மகளைக் கொண்டுவந்த ஒரு தாய், முடி வெட்டும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு பகல் முழுக்கத் தூங்கியிருக்கிறாள். எழுப்ப மனம் வராமல் கத்திரி அக்கா மற்றவர்களை ஸ்டூலில் உட்காரவைத்து வெட்டினாள்.

"எங்க கோயில் இருக்கு. ஆஸ்பத்திரிக்கு நேர் எதிர்ல" என்று சொல்லிவிட்டாள்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. திரும்பி வரும் பேருந்தில்தான் அவளுக்கு உறைத்தது. ஒருவரையும் கேட்காமல் ஊர்ச்சொத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டோமே!

அவளுக்கு முன்னால் செய்தி வீடு போய்ச் சேர்ந்திருந்தது. அண்ணன் கடை வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"உன்னை உக்காந்துட்டு வரச் சொன்னேன். கோயிலைக் குடுத்துட்டு வரச் சொல்லல."

"அண்ணே, நான் என்ன நினைச்சேன்னா..."

"நினைச்சிருந்தா வாயைத் திறந்திருக்க மாட்டே. உன் கல்யாணம் எங்க நடந்துச்சு? உன் பிள்ளைங்களுக்கு எங்க ஞானஸ்நானம் ஆச்சு? நம்ம அப்பா அம்மாவை எங்கேருந்து எடுத்தோம்?"

  அன்றிலிருந்து அண்ணன் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். முடி வெட்டிக்கொள்ளக்கூட வரவில்லை. அண்ணியே வீட்டில் வெட்டிவிட்டு, காதோரம் படிக்கட்டு மாதிரி ஆக்கி வைத்திருந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் கத்திரி அக்காவுக்குக் கை துடிக்கும்.

சபைக்கூட்டத்துக்குப் பேராயரே வந்தார். "நான் பூட்டுப் போட வரல. இந்தக் கோயிலோட ஆட்கள் சரின்னு சொல்லாம ஒரு கல்லைக்கூட யாரும் அசைக்க மாட்டாங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

கத்திரி அக்கா எழுந்து நின்றாள். "உங்களைக் கேக்காம வாயை விட்டது என் தப்பு. அதுக்கு மன்னிப்புக் கேக்குறேன். ஆனா நான் சொன்ன காரியம் தப்பில்ல. அதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன்" என்றாள்.

ஓட்டெடுத்தார்கள். வேண்டாம் என்ற கைகள்தான் காடாக எழுந்தன. அண்ணன் கை எல்லாவற்றுக்கும் மேலே. வேண்டும் என்று எழுந்தவை அவள் கையும், அவள் கணவர் கையும், அங்கே இங்கே சில கைகளும்.

வீட்டுக்கு வந்து அவள் அழுதாள். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து தேநீரை நீட்டினார்.

"நான் தினம் ஆளுங்களை உள்ள கொண்டுபோய் விடுறேன். கூட வந்தவங்க வெளியே நிக்கிறதை வண்டிக் கண்ணாடியில பாத்துட்டுப் போயிடுறேன். நீ ஒருத்தியாவது அவங்களைப் பத்திப் பேசினியே" என்றார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

கொஞ்ச நாள் கழித்து அவள் சபைக் கமிட்டியிடம் ஒரு சின்ன விஷயம் மட்டும் கேட்டாள். கோயில் வேண்டாம், பக்கத்துக் கூடம் போதும். வார நாட்களில் பூட்டித்தானே கிடக்கிறது, பகலில் மட்டும் திறந்து வைக்கட்டுமா? இதை மறுக்க யாருக்கும் மனம் வரவில்லை. அண்ணனும் 'சரி' என்பதற்கு அடையாளமாக வேறு பக்கம் பார்த்தார்.

கூடம் திறந்தது. பாய், தண்ணீர், போன் சார்ஜ் போட ஒரு பலகை, தேநீருக்கு ஒரு பாத்திரம். சபைப் பெண்கள் முதலில் எட்டிப் பார்த்தார்கள். பிறகு ரொட்டியும் சூப்பும் கொண்டுவந்தார்கள். அதன்பின் யார் எந்த நாள் என்று அவர்களுக்குள்ளேயே போட்டி வந்துவிட்டது. கூட்டத்தில் வேண்டாம் என்று கை தூக்கிய தையல்காரம்மாதான் தலையணை உறை தைத்துக்கொண்டு வந்தாள். "ஓட்டு வேற, தலையணை வேற" என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னாள்.

ஒரு நாள் கூடத்துக் கதவு தொய்ந்து தரையில் தேய்ந்தது. தச்சரைத்தான் கூப்பிட வேண்டும். அவர் வந்தார், தங்கையைப் பாராமல் கீலைக் கழற்றினார். உள்ளே பாய்கள் நிறைந்திருந்தன. மூலையில் ஒரு முதியவர் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு, காலைத் தொங்கவிட்டபடி சாய்ந்திருந்தார்.

"தரையில படுக்கலாமே பெரியவரே?" என்றார் தச்சர்.

"படுத்துடுவேன் தம்பி. எழுந்திருக்கத்தான் முடியாது. இடுப்பு. வீட்டுக்காரி உள்ள இருக்கா. டாக்டர் கூப்பிட்டா ஓடணுமே, அதான் உக்காந்தே இருக்கேன்."

இடுப்பு என்ற சொல் தச்சரை எங்கே தொட்டதோ, கையிலிருந்த கீலைக் கீழே வைத்தார். நேராகக் கோயிலுக்குள் போனார். பின்வரிசையிலிருந்து இரண்டு நீளப் பெஞ்சுகளை ஆள் பிடித்துத் தூக்கி வந்து வெளிச்சத்தில் போட்டார். சாய்மானத்தை அறுத்தார். அவர் அறுப்பதைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. இரண்டையும் பக்கவாட்டில் இணைத்து, உயரத்தை முழங்காலளவுக்கு வைத்து, எழும்போது பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியும் பொருத்தினார். முதியவரை உட்காரவைத்து, படுக்கவைத்து, எழவைத்துப் பார்த்தார்.

"சரியா இருக்கா?"

"ராஜா மாதிரி இருக்கு தம்பி."

தச்சர் உளியைத் துடைத்துக்கொண்டே கத்திரி அக்காவிடம் திரும்பினார். மாதக்கணக்கில் அவளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை: "மிச்சப் பெஞ்சையும் வெட்டணும்னா மறுபடி கூட்டம் போடணும். நானே போடுறேன்." அடுத்தது: "இந்தக் காதோரத்தைக் கொஞ்சம் சரி பண்ணு. மானம் போகுது."

ஆனால் கோயிலைக் கொடுப்பதென்றால் சபை துறைமுகக் கோயிலுக்கு அல்லவா போக வேண்டும்? அது பெரிய இடம். வண்ணக் கண்ணாடிகள், பைப் ஆர்கன், பரம்பரையாக ஒரே குடும்பங்கள் உட்காரும் வரிசைகள். அங்கே போய் ஓரமாக நிற்க வேண்டியிருக்குமோ என்பதுதான் பலருடைய உள்பயம். கத்திரி அக்காவுக்கும் அந்தப் பயம் இருந்தது. கேப்டன் முடி வெட்டிக்கொள்ள வந்த அன்று அதைப் பேசித் தீர்ப்பதென்று முடிவு செய்தாள். கழுத்தைச் சுற்றித் துணி கட்டி, ஒரு பக்கம் வெட்டி, மறு பக்கம் மிச்சம் வைத்துவிட்டால் மனிதர் எழுந்து போய்விட முடியாது.

"கேப்டன், நாங்க உங்க கோயிலுக்கு வர்றோம்னு வச்சுக்குவோம். எங்களை எங்க உக்கார வைப்பீங்க?"

"வாங்க, வாங்க. விருந்தாளிகளுக்கு இடமா இல்ல?"

கத்திரி நின்றது. "அதான் வேண்டாம். விருந்தாளியா வர மாட்டோம். வீட்டுக்காரங்களா வருவோம். நீங்க, எங்க மூப்பர், மேட்டுத் தெரு மூப்பர் எல்லாரும் பதவியை விட்டு இறங்கணும். மூணு சபையும் சேர்ந்து புதுசா ஆள் தேர்ந்தெடுக்கணும்."

கேப்டன் கண்ணாடியில் தன் பாதித் தலையைப் பார்த்தார். "இதுக்கு நான் ஒத்துக்கலேன்னா?"

"மிச்சத்தை வெட்டிடுவேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ஆனா பேச்சை விடமாட்டேன்."

கேப்டன் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உண்மையைச் சொன்னா, அங்க நாங்களே நாலு பேர் இங்க, அஞ்சு பேர் அங்கன்னு உக்காந்திருக்கோம். பாடினா என் குரல் எனக்கே எதிரொலிக்குது. முதல்ல இறங்குறவன் நானா இருக்கட்டும்."

சொன்னபடியே அவர் முதலில் பதவி விலகினார். இரண்டாவது தச்சர்.

மறுகூட்டத்தில் தச்சர்தான் பேசினார். நீட்டி முழக்க அவருக்கு வராது. "பெஞ்சு நான் செஞ்சது. உக்காரச் செஞ்சேன். இப்ப படுக்க ஆள் இருக்கு. என் தங்கச்சி அவசரப்பட்டா, ஆனா சரியாச் சொன்னா" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். இந்தத் தடவை வேண்டாம் என்று எழுந்த கைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர்கூடச் சபையை விட்டுப் போகவில்லை என்பதைத்தான் பிற்காலத்தில் கத்திரி அக்கா தன் பெரிய வெற்றியாகச் சொல்லுவாள்.

அவர்கள் புறப்பட்ட ஞாயிறு காலை வெயில் இதமாக இருந்தது. கடைசித் திருவிருந்து ஆராதனை முடிந்ததும் ஸ்கூட்டர் ஐயர் பாத்திரத்தையும் அப்பத் தட்டையும் எடுத்துக்கொண்டார். அன்று அவர் ஸ்கூட்டரைத் தொடவில்லை. தையல்காரம்மா வேதப் புத்தகத்தைச் சுமந்தாள். ஞானஸ்நானத் தொட்டி கனமான கல். அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி, தச்சரும் கத்திரி அக்காவின் கணவரும் தள்ளினார்கள். மருத்துவமனை வாசலில் நின்ற நர்ஸுகளும், கூடத்துக்கு வந்துபோகிறவர்களும் வழிவிட்டு நின்றார்கள். கூடத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்த அந்த முதியவரும் மனைவியைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

பாடிக்கொண்டே கடைத்தெருவைக் கடந்தார்கள். பலரும் திரும்பித் திரும்பிப் பழைய கோயிலைப் பார்த்ததில் பாட்டு பாதியில் நின்று நின்று வந்தது. பாலத்தருகே வந்தபோது எதிர்ப்பக்கத்திலிருந்து அதே பாட்டு கேட்டது. துறைமுகச் சபை மொத்தமும் பாதி வழி நடந்து வந்திருந்தது. முன்னால் கேப்டன், வெள்ளைச் சீருடையில். மேட்டுத் தெருவிலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்து சேர்ந்துகொண்டார்கள். கேப்டன் நேராகத் தள்ளுவண்டியிடம் வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "நகருங்க மச்சான், மேடு வருது" என்று ஆம்புலன்ஸ் ஓட்டுநரைத் தள்ளிவிட்டுத் தானே தள்ள ஆரம்பித்தார்.

துறைமுகக் கோயிலுக்குள் அவர்கள் நுழைந்தபோது பரம்பரை வரிசைகளின் பெயர்ப் பலகைகள் எல்லாம் கழற்றப்பட்டிருந்தன. யாரும் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். கத்திரி அக்கா நடுவில் உட்கார்ந்தாள். பைப் ஆர்கன் முழங்க, மூன்று சபையும் ஒரே குரலாகப் பாட, கேப்டனுக்குத் தன் குரல் தனியாகக் கேட்கவில்லை. அவர் அன்று பாடியதைவிட அழுததுதான் அதிகம் என்று அருகில் உட்கார்ந்திருந்தவர்கள் சொன்னார்கள்.

பழைய கோயில் தங்கும் வீடானது. பலிபீடம் இருந்த மூலையை மட்டும் ஜெபிக்க விட்டுவிட்டு, மற்ற இடமெல்லாம் கட்டில்கள். எல்லாம் தச்சர் கைவேலை. எந்த மதத்தவர், எந்த ஊர்க்காரர் என்று வாசலில் யாரும் கேட்பதில்லை. மூன்று சபையும் முறைவைத்துப் பார்த்துக்கொள்கிறது. மலைச்சபையின் கூரைக்கும் துறைமுகத்து ஆட்கள்தான் போய்த் தகரம் மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டொரு வருஷத்தில் திருமண்டலத்தின் மற்றக் கூட்டுச் சபைகளும் வழி கண்டுபிடித்தன. ஒன்று மாலைப் பள்ளி தொடங்கியது. சுரங்க நகரத்தில் ஒன்று மூச்சுக்கோளாறு வந்த தொழிலாளர்களுக்கு இளைப்பாறும் இடம் அமைத்தது. எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொல்ல முடியாது. ஒரு கூட்டு இன்னும் யார் வீட்டுப் படம் சுவரில் இருக்க வேண்டும் என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

அடுத்தடுத்த பெருமன்றங்களுக்கும் கத்திரி அக்காதான் போனாள். புதிதாக வரும் பிரதிநிதிகளுக்குத் திருமண்டலம் என்றால் என்ன என்று விளக்கும் பொறுப்பைப் பேராயர் அவளிடமே கொடுத்தார். "உடம்பு மாதிரிதான். சுண்டுவிரல் நசுங்குனா வாய் கத்துதுல்ல, அவ்வளவுதான் விஷயம்" என்று தொடங்குவாள். தேநீர் மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருப்பாள்.

தங்கும் வீட்டில் இடம் கேட்டு வருகிறவர்கள் முதலில் அவள் கடைக்குத்தான் வருவார்கள். வெட்டுவதைப் பாதியில் நிறுத்திவிட்டு, அவர்களுடைய பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்து கூட்டிப்போவாள். நாற்காலியில் பாதித் தலையோடு காத்திருப்பவர்கள் இதற்குப் பழகிவிட்டார்கள். யாராவது வெளியூர்க்காரர் பொறுமையிழந்து எழுந்தால், பக்கத்தில் இருப்பவர் பெருமையாகச் சொல்வார்: "உக்காருங்க சார். அக்கா எங்க சபை விஷயமாப் போயிருக்காங்க."